கருப்பி சொன்ன தப்பு விடைகள்

ஒரு பள்ளிக்கூடம் முழுவதும் ஒரே பகலில் மக்காகிப் போகும் என்று யாராவது சொல்லியிருந்தால், ஆளை நிறுத்தி வாயை ஊதச் சொல்லிப் பார்த்திருப்பேன். என் பள்ளிக்கூடம் அப்படித்தான் ஆயிற்று. முப்பத்து நாலாம் வருஷம் மாசி மாதம், சாக்கோட்டைக்குத் தெற்கே முள்ளங்குடியில். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது என்னிடம் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள், பாதிப் பேர் கெட்டிக்காரர்கள். மத்தியானம் சோற்றுக்குத் திரும்பும்போது ஒரு கெட்டிக்காரப் பிள்ளைகூட மிச்சமில்லை.

நான் செம்மலை. எட்டாம் வகுப்புத் தேறியவன், அதற்கு மேல் படிக்க வழியில்லை. ஒரு மாதத்துக்கு வாத்தியார் வேலை பார்க்கத்தான் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து முள்ளங்குடிக்கு வந்தேன். வந்தவன் அங்கேயே பெண் கட்டி, அங்கேயே ஒரு துண்டு புஞ்சையும் வாங்கி, அந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டேன். ஊருணிக் கரையில் கொத்தமங்கலத்துச் செட்டியார் ஒருவர் போட்டுக்கொடுத்த ஓட்டுக் கொட்டகைதான் பள்ளிக்கூடம். தலைமையாசிரியர், உதவியாசிரியர், மணி அடிக்கிறவர் எல்லாம் நானே.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு வந்தது. டிரெய்னிங் இல்லாத வாத்தியார்கள் ஆனி மாதத்திலிருந்து பாடம் நடத்தக்கூடாது, நடத்தினால் பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் கிராண்டுப் பணம் கிடையாது என்று. விசாரித்தபோது ஒரே ஒரு வழி இருந்தது. சென்னையிலிருந்து திருமலைசாமி என்று, எல்.டி. என்கிற ஆசிரியப் பட்டம் வாங்கின ஒருவர் ஊர் ஊராக வருகிறார்; டிரெய்னிங் உள்ள வாத்தியாரிடம் படிக்கிற பிள்ளைக்கும் இல்லாதவரிடம் படிக்கிற பிள்ளைக்கும் என்ன வித்தியாசம் என்று ஆராய்ச்சி செய்கிறார்; அவர் பார்த்து, "இந்த ஆளுக்கு விலக்குக் கொடுக்கலாம்" என்று எழுதினால் நான் என் கொட்டகையிலேயே இருக்கலாம். எழுதாவிட்டால் புஞ்சையில் களை பிடுங்கலாம்.

அவர் வருவதற்கு ரெண்டு நாள் முன்னதாகவே பிள்ளைகளிடம் சொன்னேன். "நாள மறுநாளு சென்னைப் பட்டணத்துலேருந்து ஒரு பெரிய சார் வர்றாரு. கேட்டதுக்கெல்லாம் டாண் டாண்னு பதில் சொல்லணும். நீங்க நல்லாச் சொன்னா, இந்த வாத்தியாரப் பத்தி மேலிடத்துக்கு எழுதுவாரு." சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

திருமலைசாமி காரைக்குடியிலிருந்து கூண்டு வண்டியில் வந்து இறங்கினார். முப்பது வயதுதான் இருக்கும். கோட்டும் தலைப்பாகையும் புழுதியில் செங்கல் நிறமாகியிருந்தன. மரியாதையான மனிதர். நான் போட்ட நாற்காலியில் உட்காராமல், பிள்ளைகளோடு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எனக்கு அப்போதே ஆளைப் பிடித்துப் போயிற்று.

முதலில் ஐயனாரைக் கூப்பிட்டார். பத்து வயதுப் பையன், ஊரிலேயே பெரிய வாயாடி.

"நம்ம ஜில்லாவுக்கு என்ன பேரு தம்பி?"

ஐயனார் கூரையைப் பார்த்தான். ஊருணியைப் பார்த்தான். "தெரியலங்கய்யா."

ராமநாதபுரம் என்று தூக்கத்தில் உதைத்தால்கூடச் சொல்லுவான். பயந்துவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தவன் பெத்தன். செய்யுளில் புலி. 'ஆத்திசூடி சொல்' என்றதற்கு முதல் வரியைச் சொல்லிவிட்டு மூன்றாவது வரிக்குத் தாவி, அங்கிருந்து தலையைச் சொறிய ஆரம்பித்தான். அவனுக்குப் பின்னால் ஒருத்தன், அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டது மாதிரி எல்லாரும் முழித்தார்கள். எனக்குக் காது சூடாகியது. பயம் என்றால் ஒன்றிரண்டு பிள்ளைக்கு வரும். நாற்பது பிள்ளைக்குமா வரும்?

கடைசியில் கருப்பியைக் கூப்பிட்டார். அக்கம்மாளின் மகள், ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் இருந்த ஐந்தாறு பெண் பிள்ளைகளில் ஒருத்தி. வாய்க்கணக்கில் அவளை அடிக்க நான் உட்பட ஆள் கிடையாது. நெஞ்சில் கொஞ்சம் தண்ணீர் வார்த்த மாதிரி இருந்தது.

"ஏழெட்டு?"

"ஐம்பத்தேழு."

"ஆறொன்பது?"

"ஐம்பத்தஞ்சு."

"பன்னிரண்டு பன்னிரண்டு?"

"நூத்தி நாப்பத்தஞ்சு."

யோசிக்கவே இல்லை. கேள்வி முடியுமுன் தப்பு விடை வந்து விழுந்தது. "ஏத்தா கருப்பி!" என்று கத்திவிட்டேன். திருமலைசாமி என்னைக் கையமர்த்தி, எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிக்கொண்டார். கருப்பி என்னைப் பார்க்காமல் பாயில் கோரையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அன்று எனக்கு வந்த கோபத்தில் பிரம்பு மட்டும் கையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, எனக்கே தெரியாது.

அதோடு விட்டாரா? ஆராய்ச்சியின் அடுத்த பகுதி பெற்றோரை விசாரிப்பதாம். ஊருக்குள் நடந்தார், நானும் பின்னால் நடந்தேன். 'நீங்கள் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்' என்றார். தள்ளி நின்றாலும் எங்கள் ஊர்ப் பெண்களின் குரல் அடுத்த ஊருக்குக் கேட்கும். ஐயனாரின் அம்மா, "இதா? இது எங்கிட்டுப் படிக்குது? மாடு மேய்க்கத்தேன் லாயக்கு" என்றாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எங்கள் ஊர்க் காக்கைகள் அன்று ஒன்றுசேர்ந்து தங்கள் குஞ்சுகளைக் கரிக்கட்டை என்றன.

அக்கம்மாள் வாசலில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். வாட்டசாட்டமான பெண், ஊரில் அவள் சொல்லுக்கு ஆண்களே கட்டுப்படுவார்கள். திருமலைசாமி அவளிடம், "உங்க வாத்தியார் எப்படியம்மா?" என்று கேட்டார்.

"அவுகளா? ஏதோ இருக்காக. பிள்ளைக கூடி உக்காந்து கத்துதுக, இவுகளும் கூட உக்காந்து கத்துறாக. வேற என்னத்தக் கண்டோம்?"

முந்தின வாரம்தான் அதே அக்கம்மாள், "நீங்க வந்த பெறகுதேன் எங்க ஊருக்குக் கண்ணு தொறந்துச்சு" என்று ஒரு பூசணிக்காயை என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பூசணிக்காயில் பாதி இன்னும் எங்கள் அடுப்படியில் இருந்தது. இவள் எந்த அக்கம்மாள், அவள் எந்த அக்கம்மாள்?

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் என் வீட்டுக்கும் போய் என் மனைவி வீரலட்சுமியிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அவுகளுக்கு ஒண்ணுந் தெரியாதுங்கய்யா. பாவம்" என்றாள்.

அந்தப் 'பாவம்' என்ற வார்த்தை இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வண்டி ஏறுமுன் திருமலைசாமி என் தோளைத் தொட்டார். அவர் முகமும் தெளிவாக இல்லை. "மிஸ்டர் செம்மலை, எனக்குக் கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது. நேற்று மேலப்பட்டிக்குப் போனேன். அங்கே வாத்தியார் டிரெய்னிங் முடித்தவர். ஊரே அவரைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறது. தங்கம் என்கிறார்கள், தெய்வம் என்கிறார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இங்கே... சரி, நான் யோசிக்க வேண்டும். நாளைக்குச் சாக்கோட்டைச் சத்திரத்தில்தான் இருப்பேன்."

மேலப்பட்டித் தேனப்பன் வாத்தியாரை எனக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தால் குறட்டை விடுகிற மனிதர், விழித்திருந்தால் பிள்ளைகளின் காதைத் திருகுகிற மனிதர். அவர் தெய்வமாம். நான் பாவமாம். இத்தனை வருஷமாக நான் பாடம் நடத்தியது நிஜமா, இல்லை நானாக நினைத்துக்கொண்டதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை பிள்ளைகளுக்கு எதுவுமே தெரியாதோ? எனக்கு முன்னால் மட்டும் தெரிந்த மாதிரி நடித்தார்களோ? என்னைச் சந்தோஷப்படுத்த ஊரே சேர்ந்து பூசணிக்காய் கொடுத்ததோ?

வீட்டுக்குப் போகவில்லை. நேரே அக்கம்மாள் வாசலுக்குப் போனேன். வெயில் தாழ்ந்திருந்தது. அங்கே பார்த்தால் ஐயனாரின் அம்மா, பெத்தனின் அப்பா, இன்னும் பத்துப் பேர், நடுவில் என் வீரலட்சுமி. எல்லார் முகத்திலும் கல்யாணக் களை. என்னைப் பார்த்ததும் அக்கம்மாள் சிரித்தாள்.

"வாங்க வாத்தியாரய்யா. சென்னைப் பட்டணத்தாரு மூஞ்சி தொங்கிப்போயில்ல போறாரு! பாத்தீகளா?"

"என்னத்தப் பாக்கச் சொல்றே? நான் உங்களுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்? எம் பொழப்புல எதுக்கு மண்ணள்ளிப் போட்டீக?"

அவர்கள் சிரிப்பு நின்றது. அக்கம்மாள் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். அப்புறம், பிள்ளையைத் தேற்றுகிற மாதிரி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"மண்ணள்ளிப் போட்டமா? நல்லாச் சொன்னீக. உங்களக் காப்பாத்தியில்ல விட்டிருக்கோம். நல்லாருக்குன்னு தெரிஞ்சா இங்கன விட்டு வைப்பாகளா? நீங்க வர்றதுக்கு முந்தி எங்க ஊர்ல ஒரு மருத்துவச்சி இருந்தா, சொக்கின்னு. அவ கை பட்டா ஒரு பிரசவமும் தப்பாது. ஒரு ஜமீன் வீட்டுல தலப்பிரசவத்துக்குக் கூப்பிட்டாக. போனா. நல்லபடியாப் பாத்தா. 'இம்புட்டு நல்ல மருத்துவச்சிக்குக் காட்டுல என்ன வேல'ன்னு அங்குட்டே வச்சுக்கிட்டாக. அடுத்த வருசம் எந் தங்கச்சி சோணையம்மா வலியெடுத்து ரெண்டு நாளு கெடந்தா. கூப்பிட ஆளில்ல. தாயும் போச்சு, பிள்ளையும் போச்சு."

அக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுக்கு முந்தி சேவுகன் வீட்டு மஞ்சுவிரட்டுக் காளை. பிடிக்க ஆளில்லன்னு பேரு எடுத்துச்சு, மறு பொங்கலுக்கு அது எங்க ஊரு மாடில்ல. நல்லது இருந்தா மூடி வைக்கணும் வாத்தியாரய்யா. நீங்கதேன் பிள்ளைகள்ட்ட சொல்லியிருக்கீக, நல்லாச் சொன்னா மேலிடத்துக்கு எழுதுவாருன்னு. அதுக வந்து சொன்னதுமே எங்களுக்கு வெளங்கிப்போச்சு. வீடு வீடாப் போயி, ஒருத்தரும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு கட்டு செஞ்சோம்."

"மேலப்பட்டிக்காரக?"

"அவுகளுக்கும் நாங்கதேன் சொல்லிவிட்டோம். அவுக வாத்தியாரத் தூக்கிக்கிட்டுப் போகட்டும்னு அவுக புகழ்ந்து தள்ளியிருக்காக."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இத்தனை நேரம் என்னைப் பற்றி நானே நினைத்த கேவலமெல்லாம் சரசரவென்று இறங்கியது. இந்த ஜனங்களுக்கு நான் அவர்கள் மூடி வைக்க விரும்புகிற பொருள். என் ஆயுசில் எனக்கு யாரும் அப்படி ஒரு மரியாதை செய்ததில்லை. அதே நேரத்தில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி மண்டையில் குட்ட வேண்டும் போலவும் இருந்தது.

"அடப் பாவிகளா, இது ஜமீன் இல்ல, சர்க்கார்! நல்லாருந்தா விட்டு வைப்பாக. மோசமாயிருந்தாத்தேன் வெளியில தள்ளுவாக!"

உத்தரவை விளக்கிச் சொன்னேன். ஆனி, கிராண்டு, விலக்கு, எல்லாம். அவர்கள் கேட்கக் கேட்க முகங்கள் வெளுத்தன. பெத்தனின் அப்பா, "நல்லதுன்னா விட்டுட்டுப் போவாக, கெட்டதுன்னா எடுத்துட்டுப் போவாகளா? அப்படி ஒரு ஊரு உலகத்துல உண்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அக்கம்மாள் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தாள். "காலையில எல்லாரும் சத்திரத்துக்குப் போறோம். பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு. உள்ளதச் சொல்லீருவோம்" என்றாள்.

வீட்டுக்கு நடக்கும்போது வீரலட்சுமியிடம், "எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வாய் கூசாமச் சொன்னியே" என்றேன். "ஊரோட சேந்து நாஞ் சொன்னதுல அது ஒண்ணுதேன் நெசம்" என்றாள்.

மறுநாள் சத்திரத்து வாசலில் நாங்கள் போய் நின்றது கோயில் திருவிழாக் கூட்டம் போல இருந்தது. திருமலைசாமி வெளியே வந்தார். நாங்கள் வாயைத் திறக்குமுன் அவரே கருப்பியைத்தான் தேடினார்.

"இங்கே வாம்மா. பதினாறேழு?"

கருப்பி அம்மாவைப் பார்த்தாள். அக்கம்மாள் தலையை ஆட்டினாள்.

"நூத்திப் பன்னண்டு."

"நேற்றுக் கேட்டிருந்தால்?"

"நூத்திப் பதிமூணு."

திருமலைசாமி சத்தம் போட்டுச் சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "மிஸ்டர் செம்மலை, ராத்திரி இந்த விடைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாத குழந்தை கன்னாபின்னாவென்று தப்பு செய்யும். இவள் ஒவ்வொன்றிலும் ஒன்று கூட்டியிருக்கிறாள். சரியான விடை தெரியாமல் அதில் ஒன்று கூட்ட முடியுமா? அதுவும் இமைக்கிற நேரத்தில்? இப்படித் தப்புச் சொல்லக் கற்றுக்கொடுத்த வாத்தியாரை நான் எங்கும் பார்த்ததில்லை."

ஊரார் நடந்ததைச் சொன்னார்கள். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஐயனார் ஜில்லாவையும் தாலுக்காவையும் ஆறுகளையும் நிறுத்தாமல் சொன்னான். பெத்தன் ஆத்திசூடியை முடித்துவிட்டு, கேட்காமலே கொன்றைவேந்தனுக்குப் போனான். எனக்குக் கண்ணில் நீர் தளும்பியது. அக்கம்மாளும் பெருமையில் முகம் மலர்ந்து நின்றாள். காரியம் ஜெயம் என்று எல்லாரும் நினைத்தோம்.

"விலக்கு எழுதிவிடுவீர்கள் அல்லவா?" என்று கேட்டேன்.

"விலக்கா?" என்று அவர் திடுக்கிட்டார். "விலக்கு, இனிமேல் கற்க முடியாத வயசானவர்களுக்கு. உங்களுக்கு அதை எழுதினால் பெரும் பாவம். உங்களை மதுரை டிரெய்னிங் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லி எழுதப்போகிறேன். ரெண்டு வருஷம், உதவிப்பணத்தோடு. முடித்ததும் அங்கேயே மாதிரிப் பள்ளியில் உத்தியோகம். உங்களைப் போன்றவர் நூறு வாத்தியார்களை உண்டாக்க வேண்டும். இந்தக் காட்டில் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறீர்கள்?"

அக்கம்மாளின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. கெஞ்சினேன். இந்த ஊரிலேயே இருந்துவிடுகிறேன் என்றேன். அவர் என் பணிவைப் பார்த்து இன்னும் உருகிப் போனார். நல்ல மனிதர்களிடம் தப்புவதுதான் கஷ்டம். போகாவிட்டால் ஆனி முதல் நான் வாத்தியாரே இல்லை. போனால் முள்ளங்குடி வாத்தியார் இல்லை. இதில் இன்னொரு வெட்கக்கேடு. நூறு வாத்தியார்களை உண்டாக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் குளிர்ந்துவிட்டது. அதை நினைத்து அன்று முழுவதும் என்மேலேயே எரிந்து விழுந்தேன்.

வைகாசியில் உத்தரவு வந்தது. என் இடத்துக்கு, டிரெய்னிங் முடித்தவரும், சொந்த ஊராரின் ஏகோபித்த நன்மதிப்பைப் பெற்றவருமான தேனப்பன் வாத்தியாரைப் போட்டிருந்தார்கள். மேலப்பட்டியில் அன்றைக்கு வெடி போட்டார்களாம். எங்கள் ஊரில் யாரும் யார் வீட்டு வாசலிலும் நின்று பேசவில்லை.

கிளம்புகிற அன்று காரைக்குடி ரயிலுக்கு வண்டி கட்டியாயிற்று. வீரலட்சுமி மூட்டைகளோடு ஏறி உட்கார்ந்து, ஊரைப் பார்க்காமல் முகத்தை மூடிக்கொண்டாள். பிள்ளைகள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். அக்கம்மாள் கருப்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்தாள். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வண்டிச் சக்கரத்தில் கை வைத்துக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

"வாத்தியாரய்யா, பொய் சொன்னோம், உங்கள வெளியில தள்ளப் பாத்தாக. நெசத்தச் சொன்னோம், கூட்டிக்கிட்டுப் போறாக. அப்ப நாங்க என்னதேன் சொல்லியிருக்கணும்?"

பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வகுப்பில் நான் கேள்வியை முடிக்குமுன் விடை சொல்கிற கருப்பி, அன்று வாயைத் திறக்காமல் என் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியலத்தா" என்றேன்.

வண்டிக்காரன் மாட்டைத் தட்டினான்.